நான் முடித்து வைத்த உன் வாக்கியங்கள்

அன்புள்ள பாண்டி,

கல்யாணப் பத்திரிகைக் கட்டு மதுரையிலிருந்து நேற்று வந்து சேர்ந்தது. உன் அம்மா ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். நான் விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் எழுதுகிறோம், மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுதவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. திருப்பரங்குன்றத்தில் நீ தாலி கட்டுகிற நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் எழுமலையிலிருந்து வந்துவிடுவான், நேரிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்கிறாள் உன் அம்மா. நேரில் பேசினால் யார் பேசுவார், யார் கேட்பார் என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. பிடிக்காவிட்டால் பாதியில் மடித்து வைத்துவிட்டு நீ எழுந்து போகலாம். நேரில் அந்தச் சுதந்திரத்தை நான் உனக்குக் கொடுத்ததே இல்லை.

இந்தக் கடிதத்தில் இத்தனை முற்றுப்புள்ளிகளைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரி. முப்பது வருஷமாகப் பதிவு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, புள்ளியே வைக்காமல் பத்திரம் எழுதிய கை இது. தேதியில் ஆரம்பித்தால் சாட்சிக் கையெழுத்து வரைக்கும் ஒரே வாக்கியமாக ஓட வேண்டும். நடுவில் புள்ளி வைத்தால் அங்கே ஓர் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் எவனாவது பின்னால் ஒரு சொல்லைச் சொருகிவிடுவான், அப்புறம் அண்ணன் தம்பி கோர்ட்டு வாசலில் நிற்பார்கள். வரி முடிவில் ஒரு விரற்கடை இடம் மிஞ்சினாலும் கோடு இழுத்து அடைத்துவிடுவேன். நிலத்தை எழுதிக் கொடுக்க வருகிறவர்கள் யாரும் முழு வாக்கியமாகப் பேசுவதில்லை. "அது வந்துண்ணே... கெணத்துக்கு மேக்க... எங்க அய்யா பாகம்... அந்தப் புளியமரம் இருக்குல்ல..." என்று நாலு துண்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நாலு துண்டையும் எடுத்து, 'ஆகவும்' போட்டு, 'மேற்படி' போட்டு, ஒரு பக்கத்துக்கு நீட்டி வாசித்துக் காட்டுவேன். "அம்புட்டும் நான் சொன்னதாண்ணே?" என்று வாயைப் பிளப்பார்கள். அவரிடம் அரை வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவரே போட்டுக்கொள்வார் என்று எனக்கு வாடிப்பட்டியில் பேர். அந்தப் பேரில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வந்து பிறந்தாய் நீ. நாலு வயதுவரை நன்றாகத்தான் பேசினாய். ஐந்தாவது வயதில் வார்த்தைகள் உன் உதட்டில் வந்து நின்றுகொள்ள ஆரம்பித்தன. 'ப'வும் 'க'வும் உன்னைப் பாடாய்ப் படுத்தும். குலசாமி பேரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்து உனக்குப் பாண்டி என்று பேர் வைத்தவன் நான். அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு. நீ வாயைத் திறந்தபடி திணறி நிற்கிற அந்த இடம் எனக்குப் பத்திரத்தில் விட்ட இடைவெளி மாதிரியே தெரியும். உடனே அடைத்துவிடுவேன். "அப்பா, எனக்குப் ப..." என்று வருவாய். "பசிக்குதா? இந்தா, பயலுக்குச் சோறு போடு" என்று உள்ளே குரல் கொடுப்பேன். நீ பம்பரம் கேட்க வந்திருப்பாய். சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவாய். கடையில் உனக்குப் பதில் நான் பேசினேன், உறவுக்காரர் வீட்டில் நான் பேசினேன், காய்ச்சல் என்று டாக்டரிடம் கூட்டிப் போனால் எங்கே வலிக்கிறது என்பதையும் நானே சொன்னேன். "நீங்க வாய மூடுனாத்தான அவன் வாயத் தொறப்பான்?" என்று உன் அம்மா சண்டைக்கு வருவாள். "நான் பேசலைன்னா அவன் நின்னுக்கிட்டே இருப்பான்." "நிக்கட்டுமே. உங்களுக்கு என்ன, பஸ்ஸா போயிரும்?" அப்படியும் என் பழக்கத்தை நான் விடவில்லை. உனக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போது பொய் சொல்லக் கூடாது. பாதிதான் உதவி. மீதி, நாலு பேர் முன்னால் என் பிள்ளை திக்குகிறானே என்கிற வெட்கம்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது, பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னார் மிஷன் பள்ளிக்கூடத்து ரூபி டீச்சர். நீ பேசுகிற மாதிரியே எழுதியும் வைத்திருந்தாய். 'எங்கள் பசு. வெள்ளை. காலையில். அம்மா பால். நான் கன்று.' இரண்டு சொல்லுக்கு ஒரு புள்ளி. எனக்குக் கை பரபரத்தது. புள்ளிகளையெல்லாம் அடித்துவிட்டு, 'மேற்படி பசுவானது மேற்படி வீட்டின் வடபுறம் கட்டப்பட்டு நாளது தேதி வரை எங்களால் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்கப்பட்டு வருவதாலும்' என்று ஒரு பக்கத்துக்கு இழுத்துவிட்டேன். மறுநாளே ஆள் அனுப்பினார் டீச்சர். போனேன். "இது பசுவைப் பத்தின கட்டுரையா சார், பசுவோட கிரயப் பத்திரமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, நீயும் சிரித்தாய். "துண்டு துண்டா எழுதியிருந்தான் டீச்சர், அதான் சேத்துக் குடுத்தேன்" என்றேன். "சேக்க வேண்டியவன் அவன். எங்க புள்ளி, எங்க காற்புள்ளின்னு நான் காட்டிக் குடுக்கறேன். நீங்க பேனாவ மூடிச் சட்டையில சொருகுங்க." என் கண் முன்னாலேயே உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு துண்டாகக் கேட்டார். எது வெள்ளை? காலையில் யார் என்ன செய்வார்கள்? கன்றுக்கும் உனக்கும் என்ன? நீ திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, தேவையில்லாத புள்ளியை உன் கையாலேயே அடிக்க வைத்தார். கடைசியில் நோட்டில் நின்றது இரண்டே வாக்கியம். 'எங்கள் பசு வெள்ளை. காலையில் அம்மா பால் கறக்கும்போது, கன்றை நான்தான் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.' நான் எழுதிய ஒரு பக்கத்தில் கன்றுக்குட்டியே இல்லை, பாண்டி.

இதைப் பதிவு ஆபீஸில் ஒரு வேடிக்கைக் கதையாகப் பத்து வருஷம் சொல்லிச் சிரித்தேனே தவிர, அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த டீச்சருக்கு முதல் பத்திரிகையை இன்று காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, இத்தனை வருஷம் சொல்லாத நன்றியையும் சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் நீ பி.யு.சி. முடித்து வீட்டில் இருந்தாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆணி, பூட்டு, கயிறு விற்கிற கடை ஒன்று விலைக்கு வந்தது. கிணற்றுத் தோட்டத்தை விற்று அதை உனக்கு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆணி வாங்க வருகிறவன் விரலால் அளவைக் காட்டுவான், நீ எடுத்துக் கொடுத்தால் போதும், ஆயுசுக்கும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. உனக்காக நான் யோசித்த வாழ்க்கை அவ்வளவுதான். நீ ஒரு சாயங்காலம் வந்து, "அப்பா, அந்தக் க... கடை எனக்கு..." என்றாய். "புடிச்சிருக்குல்ல? எனக்குத் தெரியும்டா" என்று உன் முதுகில் தட்டிவிட்டு எழுந்து போனேன். மறுபடி வந்து, "நான் மதுரையில போயி..." என்றாய். "சரக்கெல்லாம் நானே போயி எடுத்துப் போடுறேன், நீ ஒண்ணும் கவலப்படாத" என்றேன். ஆசிரியர் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைத்த கடிதம் அப்போது உன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. உன் அம்மாவுக்குத் தெரியும். "அவன் ஏதோ சொல்ல வாரான், செத்த நேரம் நின்னு கேளுங்க" என்று அவளும் சொன்னாள். கேட்டாச்சு, அவனுக்குச் சந்தோஷம்தான் என்று அவளுக்கும் நானே பதில் சொன்னேன்.

தோட்டம் பூர்வீகச் சொத்து. வயது வந்த மகனும் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் செல்லும். பத்திரத்தை வேறொருவர் கையில் விடுவேனா? நானே எழுதினேன். 'நானும் என் குமாரனும் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து' என்று எழுதினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல்தான் எழுதினேன். பதிவு ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று நீ தள்ளிப் போட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. பதிவு நாளன்று தோட்டத்தை வாங்குகிறவர் தன் மைத்துனர்களோடும் தாம்பூலத் தட்டோடும் ஆபீஸுக்கு வந்திருந்தார். சார்பதிவாளர் அப்போதுதான் மாற்றலாகி வந்தவர், ஒல்லியான மனிதர். எழுதிக் கொடுக்கிறவரை நேருக்கு நேர் பார்த்துச் சம்மதமா என்று கேட்பது அவர் வேலை. பதில் அந்த ஆள் வாயிலிருந்து வர வேண்டும். என்னைக் கேட்டார், சொன்னேன். உன் பக்கம் திரும்பி, "பேரு?" என்றார். நீ, "பா... பா..." என்று நின்றாய்.

"பாண்டி சார். என் பையன்தான். கொஞ்சம் திக்கும்."

"அவரைத்தான் கேட்டேன்."

"அவன் சொல்றதுக்கு நேரமாகும் சார்."

"ஆகட்டும். நீங்க போய் அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

அந்த அறையில் என்னை யாரும் அப்படி உட்கார வைத்ததில்லை. உட்கார்ந்தேன். நீ உன் பேரைச் சொன்னாய், தகப்பன் பேரைச் சொன்னாய், பத்திரத்தைப் படித்தேன் என்றாய். "சம்மதம்தானா?" என்று கேட்டார். "எனக்குச் ச... ச..." என்று நீ ஆரம்பித்ததும், பெஞ்சில் இருந்தபடி என் உதடு தானாகச் 'சம்மதம்' என்று அசைந்தது. வாங்க வந்தவரும் அவர் மைத்துனர்களும்கூட உனக்காக அதே வார்த்தையைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். சார்பதிவாளர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அப்புறம் நீ சொன்னாய். "எனக்குச் சம்மதம் இல்ல சார். தோட்டத்த விக்க வேணாம். நான் வாத்தியார் ட்ரெய்னிங்குக்குப் போறேன்." அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் நீர் நின்றது, ஆனால் ஒரு வார்த்தையையும் நீ விழுங்கவில்லை. உன் வாயிலிருந்து முழுசாக மூன்று வாக்கியம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பெருமைப்பட வேண்டிய இடம் அது. நான் ஆத்திரப்பட்டேன். தட்டோடு வந்தவர்கள் தட்டோடு திரும்பிப் போனார்கள். பத்திரம் எழுதுகிறவன் வீட்டுப் பத்திரமே பதிவாகவில்லை என்று வாசலில் இருந்த டீக்கடைவரை பேச்சு. இரண்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. வாய் திக்குகிறவன் வாத்தியார் ஆகப் போகிறானாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ டிரங்குப் பெட்டியோடு மதுரைக்குக் கிளம்பிய அன்றைக்கு உன் அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டாள். நான் வீட்டுக்குள் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்தது உன் காதில் விழுந்திருக்கும், நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதற்கு உனக்கு நன்றி. சம்மதம் இல்லை என்று சொன்னதற்கு அதைவிடப் பெரிய நன்றி. அன்றைக்கு நீ தலையாட்டியிருந்தால் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உன்னை உட்கார வைத்துவிட்டு, மகனுக்கு வழி செய்துவிட்டேன் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவேன். என்னிடமிருந்து நீ தப்பித்தாய் என்பதில் எனக்கு இருக்கிற நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு நில அளவைக்காக எழுமலைப் பக்கம் வந்தவன், சொல்லாமல் கொள்ளாமல் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நாலாம் வகுப்புச் சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு சின்னப் பெண் எழுந்து பாடம் வாசித்தாள். ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நீ கரும்பலகைப் பக்கம் சாய்ந்து நின்றாய். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் சத்தமில்லாமல் இருந்தார்கள். ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே தட்டுத் தடுமாறி அந்தச் சொல்லைப் பிடித்தாள். அப்புறம் நீ டிக்டேஷன் போட்டாய். உனக்கும் இரண்டு இடத்தில் திக்கியது. பிள்ளைகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் தினமும் நடக்கிறதுதானே என்கிற மாதிரி இருந்தார்கள். மணி அடித்ததும் தண்ணீர் குடிக்க வந்த அதே பெண்ணிடம், "ஒங்க சாரு எப்படித்தா, நல்லாச் சொல்லிக் குடுப்பாரா?" என்று கேட்டேன். "எங்க சாரு நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரு தாத்தா. எங்களுக்கு எழுத நேரம் கெடைக்கும். அஞ்சாப்பு சாரு வேகமா ஓடிருவாரு" என்றாள். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அரைகுறையாக நின்ற வாக்கியங்களுக்கு எதிரே நீ சிவப்பு மையில் எதையும் சேர்த்து எழுதவில்லை. ஓரத்தில் 'அப்புறம்?' என்று மட்டும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் மிச்சம் இருந்தது, கடைசியில் அவளே அழுத்தி வைத்த புள்ளியும் இருந்தது. உன்னைப் பார்க்காமலேயே உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். உள்ளே வந்திருந்தால் உன் வகுப்பில் நின்று அழுதிருப்பேன், உனக்குத்தான் சங்கடம்.

இப்போது செல்வி நம் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, அவளிடம் ஏதாவது பேசுங்கள் மாப்பிள்ளை என்று அவர்கள் சொன்னதும் நீ, "எங்க ஊர்ல தண்ணிக் க... க..." என்று நின்றாய். "மாப்ள கூச்சப்படுறாரு, விடுங்கப்பா" என்று அவள் மாமன் சிரித்தார். அந்தப் பெண் நிமிர்ந்து, "இருங்க மாமா, அவுங்க இன்னும் முடிக்கல" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லிப் பெண்ணைப் பயமுறுத்த வேண்டுமா என்று எனக்குக் கோபம்தான், ஆனால் அவள் காத்திருந்தது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. நான் இருபது வருஷத்தில் செய்யாததை அவள் முதல் அரை மணி நேரத்தில் செய்தாள். அவளுக்கு நீ அதையே செய். நாற்பது பிள்ளைகளுக்குக் காத்திருக்கிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்தால் எல்லாருக்கும் அவசரம் வந்துவிடும், உனக்குள் ஓடுவதும் என் ரத்தம்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்துவிட்டதாக உனக்குத் தோன்றும் பார், அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்னொன்று. உன் மௌனம் எல்லாமே நாக்கின் கோளாறு இல்லை, சிலது கோபம். எனக்கும் அம்மாவுக்கும் அந்த வித்தியாசம் தெரியும். அவளுக்குத் தெரியாது. கோபம் என்றால் கோபம் என்று சொல்லிவிடு, அவளை ஊகிக்க விடாதே.

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். பதிவு ஆபீஸிலிருந்து அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தோம். நான் முன்னால் விறுவிறுவென்று, நீ பின்னால். ரைஸ் மில் தாண்டியதும் ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாய். "அப்பா, நான் உங்கள..." என்றாய். அத்தோடு நின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க உன் வாக்கியத்தை முடித்து வைத்தவன், அன்றைக்கு முடித்து வைக்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. "போதும், நிறுத்து" என்று கையை உதறிவிட்டு நடந்தேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு வருஷம் ஆகிவிட்டது. அதை நான் மனதுக்குள் எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிற நாளில், உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை என்று சொல்ல வந்திருப்பாய் என்று தோன்றும். மனது சரியில்லாத நாளில், உங்களை மன்னிக்கவே மாட்டேன் என்று சொல்ல வந்திருப்பாய் என்று தோன்றும். இரண்டும் நான் போட்டுக்கொண்டது. உன்னுடையது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. பந்தல்காரன், சமையல்காரன், உறவுக்காரர் எல்லாரும் வந்து வீடு நிறைவதற்குள் வா. மறந்துவிட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல். இப்போது வேறு சொல்லத் தோன்றினால் அதைச் சொல். கடிதத்தில் எழுதி அனுப்பிவிடாதே, எனக்கு உன் குரலில் வேண்டும். அன்றைக்கு நீ என்னைப் பற்றிச் சொல்ல வந்ததை, அது நல்லதோ கெட்டதோ, உன் வாயால் முழுசாகக் கேட்ட பிறகுதான் உன் கல்யாணத்துக்கு நான் பட்டு வேட்டி கட்டுவேன்.

உன்
அப்பா